டீயில் முக்காத பிஸ்கட்

கேய்னர் டக்ஸ்பரிக்குக் கிரான்ஷா பிஸ்கட் கம்பெனியில் கார் நிறுத்த ஓர் இடம் உண்டு. வாசலை ஒட்டி, சுவரில் 'தலைமை நிர்வாகி' என்று பலகை அடித்த இடம். அந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒருமுறைகூட அங்கே நிறுத்தியதில்லை. வளாகத்தின் கடைசியில், அட்டைப்பெட்டி நசுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு மழையில் நனைந்தபடி நடந்து வருவார். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். உண்மையான காரணம் வேறு. வாசலில் நிறுத்தினால் பேக்கிங் பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார்கள். அவரும் ஒரு காலத்தில் அந்தப் பெண்களில் ஒருவராக அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றவர்தான். வாசலில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்து எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அவர்தான் என்று என் அம்மா சொல்வாள்.

அம்மாவின் பெயர் நோரீன். பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர், கேய்னரின் நெடுநாள் தோழி. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எங்கள் ஊரான பிராக்கன்ஷாவுக்குத் திரும்பி வந்து, அடுத்து எங்கே போவது என்று உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா என்னைக் கம்பெனியின் வரவேற்பு மேஜையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கொஞ்ச நாளைக்கு என்று பேச்சு. அதனால்தான் இந்த விவகாரத்தின் இரண்டு பக்கமும் என் காதில் விழுந்தது.

முதல் நாள் காலையில், சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு ஒருவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டீ எப்படி வேணும் கண்ணு? பால் தூக்கலா, கம்மியா?"

தலைமை நிர்வாகிதான். கெட்டில் பக்கம் போகிறவர் கண்ணில் படுகிற எல்லாரையும் கேட்டாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டு வருகிறவரைப் பற்றி அவர் ஓய்வு பெற்ற பிறகும் பேசுவார்கள். கேய்னர் அதையே தன் நிர்வாக முறையாக ஆக்கிக்கொண்டிருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால், மாதக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத விஷயமெல்லாம் கெட்டில் கொதிக்கிற நேரத்துக்குள் அவர் காதுக்கு வந்துவிடும். எந்த லாரி ஓட்டுநர் கோபத்தில் இருக்கிறார், எந்த சூப்பர் மார்க்கெட் விலையைக் குறைக்கச் சொல்லிக் கழுத்தை நெரிக்கிறது, மாவுப் பிரிவில் யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம்.

கேய்னரின் அப்பா பஸ் ஓட்டியவர். அவருடைய அம்மா கிரான்ஷாவில் கிரீம் பிஸ்கட் பிரிவில் இருந்தார். பதினாறு வயதில், பள்ளித் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, கேய்னரும் அதே கதவு வழியாக உள்ளே வந்தார்.

புதிதாகச் சேருகிறவர்களை ஏமாற்றுவது எங்கள் தொழிற்சாலைகளில் பழைய வழக்கம். வேறு இடங்களில் கட்டம் போட்ட பெயின்ட் வாங்கிவரச் சொல்லி அனுப்புவார்கள். கிரான்ஷாவில், "ஸ்டோருக்குப் போயி பிஸ்கட்டுக்குப் போடற ஓட்டை ஒரு டப்பா வாங்கிட்டு வா" என்பார்கள். கேய்னரை அனுப்பியது என் அம்மா. அவளே சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

ஸ்டோர்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "பெரிய ஓட்டையா, சின்ன ஓட்டையா?" என்று கேட்டு, கால் வலிக்கும்வரை நிற்க வைத்தாராம். கேய்னர் திரும்பி வந்தபோது கையில் இறுக மூடிய ஒரு தகர டப்பா இருந்தது. அதை அம்மாவுக்கு முன்னால் மெதுவாக வைத்தார்.

"பாத்துத் தெற. விளிம்பு வரைக்கும் இருக்கு. கொட்டிடும்."

பேக்கிங் பிரிவே சிரித்தது. அந்த வழியாகப் போன முதலாளியின் மகன் ரோலண்ட் கிரான்ஷா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பல்கலைக்கழகம் முடித்து வந்து சேர்ந்த முதல் நாளில், இதே டப்பாவைத் தேடி எல்லா மாடியும் ஏறி இறங்கியவர். நின்று, "அந்தப் பொண்ணு பேரென்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு கேய்னர் தொழிற்சங்கப் பிரதிநிதி ஆனார். ரோலண்டின் அப்பாவோடு கழிப்பறை இடைவேளைக்காகச் சண்டை போட்டு ஜெயித்தார். வாரத்தில் ஒருநாள் கல்லூரிக்குப் போய்க் கணக்கும் வணிகமும் படித்தார். விற்பனைப் பிரிவுக்கு மாறி, பின்சீட்டு முழுக்க மாதிரிப் பெட்டிகளோடு வேல்ஸ் மலைகளில் கார் ஓட்டினார். அங்கே ஒரு முறை ஆடுகள் மாதிரிப் பெட்டிகளைத் தின்றுவிட்டன. அதையே கடைக்காரரிடம் சொல்லி ஆர்டர் வாங்கிவிட்டார். தொழிற்சாலை மேலாளர் ஆனார். அங்கேயிருந்து லண்டனில் ஒரு பெரிய ஷாம்பு கம்பெனி அவரை இயக்குநராகக் கொத்திக்கொண்டு போனது.

லண்டன் அவருக்குப் பிடிக்கவில்லை. லிஃப்டில் யாரும் யாருக்கும் காலை வணக்கம் சொல்வதில்லை. முதல் நாள் கூட்டத்துக்கு முன்னால் எழுந்து, யார் யாருக்கு டீ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கேன்டீன் ஆள் என்று நினைத்து எல்லாரும் சொன்னார்கள். ஒருவர் பாதாம் பால் இருக்கிறதா என்றுகூடக் கேட்டாராம். கேய்னர் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மேஜையின் தலைமை இடத்தில் போய் உட்கார்ந்து, "சரி, ஆரம்பிக்கலாமா?" என்றார்.

ஒரு மாலை ரோலண்டிடமிருந்து போன் வந்தது. அப்பா காலமாகி, அவர் கம்பெனித் தலைவராகியிருந்தார். ஊழியர்கள் அவரை இன்றைக்கும் மிஸ்டர் ரோலண்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"இங்க ஒரு சின்ன வேலை காலியா இருக்கு, கேய்னர். உங்களுக்கு ஒத்து வராதுன்னு நெனைக்கிறேன்."

"வேணும்னா ஒரு தடவ வந்து எட்டிப் பாக்கறேன், மிஸ்டர் ரோலண்ட்."

சின்ன வேலை என்றது தலைமை நிர்வாகி பதவியை. கேய்னரின் கணவர் கிளைவ் சொல்வார்: "போன வெக்கறதுக்கு முன்னாடியே இன்னொரு கையால பெட்டில துணி அடுக்க ஆரம்பிச்சுட்டா." கேய்னரும் ரோலண்டும் பேசுகிற மொழி அது. வேண்டும் என்பதை வேண்டாம் என்பது மாதிரிச் சொல்வார்கள், எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார். வருடக்கணக்காக அது பிசகில்லாமல் ஓடியது.

தலைமை நிர்வாகியாக அவர் செய்தது எல்லாமே எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. வேஃபர் பிரிவை மூடியபோது வேலை இழந்தவர்களில் என் சித்தியும் ஒருத்தி. கேய்னர் ஒவ்வொருவரின் வீட்டுக் கதவையும் தானே போய்த் தட்டினார். சித்தி கதவைத் திறந்து, கேட்டுவிட்டு, டீ வேண்டுமா என்று கேட்காமலே சாத்தினாள். அம்மா வெகுநாள் கேய்னரோடு பேசவில்லை. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு இருவரும் சமாதானமானார்கள். எப்படி என்று இரண்டு பேரும் சொன்னதில்லை.

இனி, இஞ்சி பிஸ்கட்.

கிரான்ஷாவின் பெயர் நிற்பதே இஞ்சி பிஸ்கட்டில்தான். கெட்டியானது, கருப்பட்டி நிறம், வெறுமனே கடித்தால் பல் பயப்படும். நாட்டில் பாதிப்பேர் அதை டீயில் முக்கித்தான் தின்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில் புதிய அடுப்பு வந்தது. கேஸ் செலவு குறைவு, வேகம் அதிகம். அதற்குத் தோதாக பிஸ்கட்டைச் சற்று மெல்லிசாக்கினார்கள். ருசி பார்க்க இயக்குநர்கள் அறையில் கூடினார்கள். அம்மாவும் அந்தக் குழுவில் இருந்தாள். தட்டு நிறைய பிஸ்கட், எல்லாருக்கும் முன்னால் டீ. மேஜையின் தலைமை இடத்தில் மிஸ்டர் ரோலண்ட்.

நாலு பேர் முன்னால் பிஸ்கட்டை டீயில் முக்குவது, தட்டை நக்குவது போன்ற காரியம் என்று வளர்க்கப்பட்டவர் ரோலண்ட். அவர் ஒருநாளும் யாரையும் கண்டித்ததில்லை. ஆனால் ஒருமுறை ஒரு கணக்காளர் முக்கியபோது, ரோலண்ட் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கணக்காளர் கோப்பையைக் காலி செய்யும்வரை திரும்பவே இல்லை. அந்த ஜன்னல் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அதனால் வீட்டில் தினமும் முக்கித் தின்கிற அத்தனை பேரும் அன்றைக்கு பிஸ்கட்டைக் காய்ந்தபடியே கடித்து, டீயைத் தனியே குடித்து, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். கேய்னரும்.

பிஸ்கட் கடைக்குப் போனது. நாடு முழுக்க டீக்கோப்பைகளின் அடியில் சேறு சேர ஆரம்பித்தது. ஒரு முக்கு தாங்கும், இரண்டாவது முக்கில் பாதி பிஸ்கட் உள்ளே போய்விடும். எங்கள் மக்கள் எதையும் பொறுப்பார்கள், ரயில் வராததைக்கூட. இதைப் பொறுக்கவில்லை. வானொலியில் கிண்டல், பத்திரிகையில் கேலிப்படம். என் வரவேற்பு மேஜையில் போன் ஓயவில்லை. டெவனிலிருந்து ஒரு கிழவர் தினமும் கூப்பிட்டு, "இன்னைக்கும் விழுந்துருச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சூப்பர் மார்க்கெட்டுகள் லாரி லாரியாகத் திருப்பி அனுப்பின.

கேய்னர் தொலைக்காட்சியில் வந்து, "தப்பு என்னோடது, வேற யாரோடதும் இல்ல" என்றார். ஜன்னல் விஷயத்தைச் சொல்லவில்லை. பிஸ்கட்டைப் பழைய தடிமனுக்குக் கொண்டுவந்தார்கள், அடுப்பை மெதுவாக்கினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் விற்பனை மீண்டுவிட்டது. அந்தக் கிழவரும் கூப்பிடுவதை நிறுத்தினார். அவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேய்னர் என்னை போன் செய்து விசாரிக்கச் சொன்னார். நன்றாகத்தான் இருந்தார். பிஸ்கட் இப்போது விழுவதில்லையாம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கேய்னர் அந்தக் காரியத்தைச் செய்தார். இவ்வளவு பெரிய தப்பு நடந்தால், தலைமையில் இருப்பவர் விலகுவதாக ஒரு வார்த்தை சொல்வது மரியாதை. தலைவர் அதெல்லாம் வேண்டாம் என்பார். அதோடு விஷயம் முடியும். நான் டீத் தட்டோடு ரோலண்டின் அறைக்குள் நுழைந்தபோது அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"நான் ஒதுங்கிக்கறது நல்லதுன்னு நீங்க நெனச்சா, மிஸ்டர் ரோலண்ட், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

ரோலண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"உங்க வழில நான் குறுக்க நிக்க மாட்டேன், கேய்னர். அது நியாயமா இருக்காது."

கேய்னர் என் தட்டிலிருந்து கோப்பையை எடுத்தார்.

"அப்ப சரி."

"மழை விடாது போல."

"ஆமா. சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

அவ்வளவுதான். வருடக்கணக்கில் பிசகாத மொழி அன்றைக்குப் பிசகியது. கேய்னர் வெளியே வந்து, வழக்கம்போல என் மேஜையில் டீ சுற்றுக்கு நிற்காமல் நேராகப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுப் பாருங்கன்னு கூடச் சொல்லலடி, நோரீன். ஒரு வார்த்தை. சும்மா ஒப்புக்காவது."

"நீ என்ன சொன்ன?"

"ஒதுங்கிக்கறேன்னு."

"அவரு சரின்னுட்டாரு. அப்பறம் என்னத்துக்கு மூக்க உறிஞ்சற?"

"நான் போறதுக்காகச் சொல்லலையே."

"அத அவருகிட்ட போயிச் சொல்லு."

"எப்பிடிச் சொல்றது? அவருக்கு தர்மசங்கடமாப் போயிடும். பாவம் பாத்து வெச்சுக்குவாரு. அப்பிடி நான் அங்க உக்காரணுமா?" கேய்னர் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, தானும் சீவ ஆரம்பித்தார். "எனக்கு வேற எங்கயும் போகத் தெரியலடி. லண்டன்லயே தெரிஞ்சுபோச்சு. இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கலாம்னு இருந்தேன்."

"கிளைவ் என்ன சொல்றாரு?"

"நீ வீட்ல இருந்தா நல்லாத்தான் இருக்கும்ங்கறாரு. பின்கட்டுல எனக்கு ஒரு நாற்காலி போட்டுட்டாரு." அவர் சீவிய உருளைக்கிழங்கு கோலி குண்டளவுக்கு வந்திருந்தது. "நீ ஒண்ணு சத்தியம் பண்ணு. எனக்குப் போக மனசில்லன்னு மிஸ்டர் ரோலண்ட்கிட்ட நீ சொல்லக் கூடாது."

"சத்தியம்."

"லியான், நீயும்தான்."

நானும் சத்தியம் செய்தேன். நான் சுற்றிய ஊர்களிலெல்லாம் வேறு மாதிரி. நேப்பிள்ஸில் நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி என் பையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அங்கே தங்கியிருந்த நாளெல்லாம் அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. தடுப்பதென்றால் அப்படித்தான் தடுக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் சமையலறையில் உட்கார்ந்திருக்கும்போது என் வாயும் எங்கள் ஊர் வாயாகிவிட்டது.

அந்த வாரம் ரோலண்ட் டாக்ஸிக்காக வரவேற்பறையில் காத்திருந்தார். குடையை ஊன்றிக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்றார்.

"லியான், நீங்க உலகம் சுத்துனவங்க. ஒருத்தங்க போகணும்னு முடிவு பண்ணிட்டா, தடுக்கறது மரியாதை இல்ல. சரிதானே?"

"நீங்க தடுக்க நெனச்சீங்களா, மிஸ்டர் ரோலண்ட்?"

"களைச்சுப் போயிருக்காங்க. அந்த பிஸ்கட் விவகாரம் போட்டு வாட்டிடுச்சு. இருங்கன்னு நான் கேட்டா கடமைக்காக இருந்துடுவாங்க. அது என் சுயநலம்." அவர் குடையைத் தரையில் மெதுவாகத் தட்டினார். "அவங்க இல்லாத கூட்டத்துல நான் யாரப் பாத்துப் பேசறது? சரி, அது என் பாடு. இது நமக்குள்ள இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றேன். இரண்டாவது சத்தியம். டாக்ஸி வந்தது, ஹார்ன் அடித்தது. அவர் நகரவில்லை. மறுபடி அடித்தது.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. "மிஸ்டர் ரோலண்ட் இன்னைக்கு மழையப் பாத்துக்கிட்டே நின்னாரு" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா முள்கரண்டியை நிறுத்தினாள். "டாக்ஸி வரலையா?"

"வந்துச்சு. ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சுச்சு."

"ஓ" என்றாள் அம்மா. பட்டாணியைத் தட்டின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி, வெகுநேரம் யோசித்தாள்.

இதற்குள் கம்பெனி, பிரிவுபசாரத்துக்குத் தயாராகிவிட்டது. பெரிய வாழ்த்து அட்டை ஒன்று பழுப்பு உறைக்குள் ஒளிந்து, கையெழுத்து வாங்க மேஜை மேஜையாகப் போனது. கேய்னர் எதிரே வரும்போதெல்லாம் யாராவது அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அவரும் பார்க்காதது போலவே போனார். எல்லாரும் சேர்ந்து ஒரு தோட்டத்து பெஞ்சு வாங்கினார்கள். நல்ல ஓக் மரம். முதுகுப் பலகையில் பித்தளைத் தகடு பதித்து, 'கேய்னர் டக்ஸ்பரி, நன்றியுடன்' என்று பொறித்தாயிற்று. மான்செஸ்டரில் ஒரு நிறுவனம் புதிய தலைமை நிர்வாகிக்கு ஆள் தேட ஆரம்பித்தது. கம்பெனி முழுக்க ஒருவர் முகத்திலும் சந்தோஷமில்லை. ஒருவரும் வாய் திறக்கவுமில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் கூட்டம். அடுப்பு ஆட்கள் தலைமுடியை மூடும் வலையோடு வந்து சுவரோரம் நின்றார்கள். கேன்டீன்காரி பெரில் பெரிய கலனில் டீயும், தட்டு நிறைய இஞ்சி பிஸ்கட்டும் வைத்திருந்தாள். முன்வரிசையில் கேய்னர். பக்கத்தில் கிளைவ், கல்யாணத்துக்கு வாங்கிய டையோடு. ரோலண்ட் எழுந்து ஒரு தாளைப் படித்தார். 'மதிப்புமிக்க சேவை' என்று ஓர் இடத்தில் வந்தது. அந்த வரியை மட்டும் இரண்டு முறை படித்தார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்தது அம்மா. பிரிவுபசாரத்தில் நெருங்கியவர் ஒருவர் எழுந்து, போகிறவரைக் கிழித்துத் தோரணம் கட்ட வேண்டும் என்பது முறை. அந்த நேரத்தில் சொன்னதற்கு யாரும் கோபப்படக் கூடாது. அடுத்த நாள் அதைப் பற்றிப் பேசவும் கூடாது. முதலாளிக்கும் அதே சட்டம்தான்.

அம்மா ஓட்டை டப்பாவில் ஆரம்பித்தாள். வேல்ஸ் ஆடுகளுக்கு வந்தாள். லண்டனில் டீ ஊற்றியதைச் சொன்னாள். "வாசல்ல கார் நிறுத்த எடம் இருந்தும், குப்பைக்குப் பக்கத்துல நிறுத்தற ஒரே தலைமை நிர்வாகி நம்ம ஆளுதான். எங்களப் பாத்துப் பயம். அந்தப் பயம் இருக்கட்டும், கேய்னர்." எல்லாரும் சிரித்தார்கள். ரோலண்டும் சிரித்தார்.

"அப்பறம் இஞ்சி பிஸ்கட்" என்றாள் அம்மா.

கேய்னரின் சிரிப்பு நின்றது. அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அம்மா பார்க்கவில்லை.

"ருசி பாக்க ஒரு மேஜையச் சுத்தி ஒக்காந்தோம். நான், கேய்னர், கணக்குப் பிரிவு, அடுப்புப் பிரிவு. ஆளாளுக்கு முன்னால டீ. அத்தன பேரும் வீட்ல முக்கித் தின்றவங்க. எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப குளிக்கற தொட்டில ஒக்காந்துகூட முக்குவாரு. ஆனா அன்னைக்கு ஒருத்தர் முக்கல. ஏன்னு கேளுங்க."

"ஏன்?" என்றது சுவரோரத்துக் குரல் ஒன்று.

"மிஸ்டர் ரோலண்ட் ஜன்னலப் பாத்துட்டா என்ன பண்றதுன்னுதான்."

பெரிய சிரிப்பு எழுந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் மேஜையைத் தட்டினார். ரோலண்டும் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்திவிட்டார். அவர் கேய்னரைப் பார்த்தார்.

"நான் இருந்ததாலயா?"

"அது ஒண்ணுமில்ல, மிஸ்டர் ரோலண்ட்" என்றார் கேய்னர். "நான் முக்கியிருக்கணும். அது என் வேலை."

"டிவில நீங்க சொன்னது..."

"தப்பு என்னோடதுன்னுதான் சொன்னேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. அம்மா எப்போது உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. ரோலண்ட் எழுந்தார். பெரிலின் மேஜைவரை நடந்தார். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது, நிதானமாகத்தான் நடப்பார். ஒரு கோப்பையில் டீ பிடித்தார், பால் ஊற்றினார். தட்டிலிருந்து ஓர் இஞ்சி பிஸ்கட்டை எடுத்தார். அதை இரண்டு விரலால் பிடித்து, கையெழுத்துப் போடுகிற கவனத்தோடு, கேன்டீன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, டீக்குள் இறக்கினார்.

எடுத்தார். சொட்டியது. நின்றது.

இன்னொரு முறை இறக்கினார். இந்த முறை அதிக நேரம். பெரில் வாயைப் பொத்திக்கொண்டாள். எடுத்தார். பிஸ்கட் முழுசாக இருந்தது. அதை வாயில் போட்டு, மென்று, முழுங்கினார்.

"நல்லா நிக்குது, கேய்னர்."

"நிக்குது, மிஸ்டர் ரோலண்ட்."

"இப்பிடி ருசியா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

ரோலண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது.

"இத வேற யாருகிட்டயாவது ஒப்படைக்கணும்னா எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்."

இது எங்கள் ஊரில் காலில் விழுவதற்குச் சமம். கேன்டீனில் இருந்த அத்தனை பேருக்கும் அது புரிந்தது. கேய்னருக்கும் புரிந்தது. கிளைவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னா, நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம். தொந்தரவு இல்லைன்னா."

"தொந்தரவே இல்ல. உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா."

"சிரமம் இல்ல."

"கிளைவுக்கு?" என்றார் ரோலண்ட்.

கிளைவ் எழுந்து நின்றுவிட்டார். அவர் பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேசிப் பழக்கமில்லாதவர். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தாராளமா வெச்சுக்குங்க" என்றார். பிறகு கேய்னரைப் பார்த்து, "அதுக்காக நீ வீட்ல இருக்கக் கூடாதுன்னு சொல்லலம்மா" என்றார். அவர் விட்ட நிம்மதிப் பெருமூச்சு கடைசி வரிசைவரை கேட்டது. அடுப்பு ஆட்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைகிறபோது கேய்னர் அம்மாவைச் சுவரோரம் மடக்கினார்.

"சத்தியம் பண்ணினயே."

"உனக்குப் போக மனசில்லன்னு சொல்ல மாட்டேன்னுதான் பண்ணினேன். சொன்னேனா? ஜன்னலப் பத்திச் சத்தியமே கேக்கல நீ."

"நீ இருக்கியே."

"டீ ஊத்திக்கிட்டு வா போ. எனக்குப் பால் கம்மி."

பெஞ்சு மிச்சம். அதன் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்த கேய்னருக்கு வெகுநேரம் சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெஞ்சில் பித்தளைத் தகடு அடித்துப் பெயர் போடுவது செத்தவர்களுக்குத்தான். கடற்கரையில், பூங்காவில், அவர்களுக்குப் பிடித்த இடத்தில் போட்டு வைப்பார்கள். வாங்கியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். துக்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நடமாடிக்கிட்டு இருக்கறப்பவே என்னப் பெஞ்சாக்கிட்டீங்களே" என்றார் கேய்னர்.

திங்கட்கிழமை பராமரிப்பு ஆட்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய், அட்டைப்பெட்டி நசுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கேய்னர் கார் நிறுத்துகிற இடத்துக்கு எதிரில் போட்டார்கள். தகட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றிய இடத்தில் முதுகுப் பலகையில் திருகாணித் துளைகள் அப்படியே நின்றன. மழை விட்டிருந்தது. இடைவேளையில் அம்மாவும் அவரும் அங்கே டீயோடு உட்கார்ந்தார்கள். நான் தபாலை எடுக்கப் போகும்போது பார்த்தேன். கேய்னர் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா திரும்பி, பலகையை விரலால் தடவினாள்.

"பாத்தியா? சின்ன ஓட்டை. நாலு இருக்கு. சேந்த அன்னைக்குக் கேட்டயே, இப்பத்தான் ஸ்டோர்லேர்ந்து வந்திருக்கு."

"டப்பா எங்க?" என்றார் கேய்னர்.